தாயத்துக்கு அந்தப் பெயர் ஏன்?

குட்டிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. இது அலுவலக விஷயம்.

அகராதியில் இந்த வாரம் 'த' வரிசை. தாயம் என்ற ஆட்டத்துக்குப் பெயர் வந்த காரணத்தை நான் எழுத வேண்டும். "கட்டையை உருட்டினால் ஒன்று விழுவது தாயம், அதுவே ஆட்டத்துக்கும் பெயரானது" என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியரம்மா விடுவதாக இல்லை.

"பன்னிரண்டுதானே பெரிசு? போயும் போயும் ஒன்னோட பேரை ஏன் சார் வச்சாங்க?"

"ஒன்னு விழாம காய் கட்டத்துக்குள்ளேயே வராதும்மா. எங்க வீட்ல ஒருத்தி பன்னிரண்டு பன்னிரண்டா போட்டுட்டு, காயெல்லாம் வெளிய நிக்குதேன்னு அழுவா."

"அப்ப அதையும் எழுதுங்க" என்றார். உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

ஆறு வருஷம் கழித்துப் போன மாதம் குழந்தையும் கையுமாக வந்தாய். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்று மழையைப் பற்றிப் பேசினேன், பஸ் வசதியைப் பற்றிக் கேட்டேன், மாப்பிள்ளையின் வேலையைக்கூட விசாரித்தேன். கால் மணி நேரம்! நீ செருப்பைக் கழற்றவே இல்லை. "சரிண்ணே, கிளம்புறேன்" என்று இறங்கிப் போய்விட்டாய்.

அத்தனை பேசிய வாயில் அந்த ஒரு சொல் மட்டும் விழவில்லை. கல்யாணத்துக்கு என்னைக் கேட்கவில்லை என்ற கோபம் அப்போது எங்கே இருந்தது என்று தேடினால் கிடைக்கவும் இல்லை. வெறும் வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் புறப்படுங்கள். வாசலில் நின்று சொல்ல அன்றைக்கும் நா எழாமல் போகலாம். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வா.

உன் உம்மணாமூஞ்சி அண்ணன்