மாமியார் வீட்டு அலமாரியும் உன் மேசையும்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீ சுகமா என்று கேட்கவே வேண்டாம், அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. கையுறையும் மாஸ்க்குமாக நீயும் உன் மாமியாரும் அந்தப் பழைய அலமாரியை நடுவில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே சிரிக்கிறீர்கள். பச்சைப் பெயிண்டைச் சுரண்டியதும் உள்ளே மரம் தேன் நிறத்தில் வந்ததாம், மரத்தின் வரி போகிற போக்கிலேயே தேய்க்க அத்தை சொல்லிக்கொடுத்தார்களாம், அத்தைக்கு எவ்வளவு பொறுமையாம். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். இங்கே இருந்தவரை ஒரு நாற்காலியைத் துடைக்கச் சொன்னால் உனக்குத் தலைவலி வந்துவிடும். அதுகூடப் போகட்டும், அடுத்து அத்தையோடு கட்டிலைத் தொடங்குகிறோம், இந்த லீவுக்கு வர முடியாது என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே மட்டும் மரம் இல்லையா என்று உன் படிப்பு மேசையைப் பால்கனிக்கு இழுத்தேன். புதுசாக்கிப் படம் அனுப்பினால் அதைப் பார்க்கவாவது வருவாய் என்று ஒரு நப்பாசை. உப்புத்தாள் வாங்கி வரச் சொன்னால் உங்கப்பா, "மேசைக்கு வாங்கிட்டு வரேன், உன் பொறாமையைத் தேய்க்க எந்த நம்பர் தாள்னு சொல்லு" என்கிறார். கால்கள் நன்றாகத்தான் வந்தன. மேல்பலகையில் நீ கொட்டிய மைக்கறை மட்டும் அசையவில்லை. உன் மாமியார் கைக்குப் போவது என் கைக்குப் போகாதா என்று முரட்டுத் தாளை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். கறையும் போனது, மரமும் போனது. மாடி வீட்டுத் தச்சர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது முழுத் தேக்கு இல்ல, மேல தோல் மாதிரி ஒட்டினது, அதையே தேய்ச்சு எடுத்துட்டீங்க" என்றார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப்பலகை பல்லிளிக்கிறது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான், நீ சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன்.

பலகையையே மாற்றிவிடலாம் என்கிறார் தச்சர். எனக்கு மனசு வரவில்லை, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நீ கன்னத்தை வைத்துத் தூங்கிய பலகை அது. இதைச் சரிசெய்ய வழி உண்டா என்று உன் மாமியாரைக் கேட்டு எழுது. யாரோ ஒரு தோழி கேட்டாள் என்று சொல், என் பெயரை எடுக்காதே.

பெயிண்ட் கரைக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, அந்த நெடி தலைக்கு ஆகாது. கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு.

மறந்துவிடாதே, மேசை விஷயம். தோழி என்று சொல்ல வேண்டாம், அம்மாதான் கெடுத்துவிட்டாள் என்றே சொல். கேட்டுவிட்டுச் சம்பந்தியம்மா நேரில் வந்து பார்க்கட்டும். அவர்கள் வந்தால் நீயும் கூட வருவாய் இல்லையா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா