மெதுவாக வந்த பெயர்

மார்ச் 3
எழுத்து கோணலாக இருக்கிறது. வரி மேலே ஏறி, பிறகு சறுக்குகிறது. இதைப் படிக்கப்போவது நான்தான் என்பதால் எனக்கு நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். செங்கல்லும் கொத்துக்கரண்டியும் பிடித்த கை, பேனாவைக் கண்டால் முரண்டு பண்ணுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்! இந்த வயதில்! முதியோர் மாலை வகுப்பு டீச்சர், "தினமும் மனசுல பட்டத எழுதுங்கய்யா" என்றார்.

மார்ச் 5
மருந்து டப்பாவைப் படித்தேன். பேருந்தின் பலகையைப் படித்தேன். பேருந்து போய்விட்டது. பரவாயில்லை.

மார்ச் 8
நான் முதன்முதலில் நானாகவே படித்தது மகனின் பெயரை. அவன் கண்ணை மூடிய பிறகு அவனுடைய கம்ப்யூட்டரில்தான் மருமகள் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கிறாள். காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அது முக்கி முனகி எழும். பிறகு திரையில் 'நல்வரவு' என்று வரும். அதன் கீழே அவன் பெயர், தமிழில், அவனே பதிந்து வைத்தது. நான்கு எழுத்து. வெகுநேரம் அப்படியே நிற்கும். நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பேன். முடித்த பிறகும் நிற்கும். இன்னொரு முறை படிப்பேன்.

மார்ச் 11
கம்ப்யூட்டர் நகர மறுக்கிறது, பிளான் இன்றும் தாமதம். இன்ஜினியர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்." மருமகள் அழவில்லை. திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12
ரிப்பேர்காரர் வந்தார். "ஹார்ட் டிஸ்க் கெழடு தட்டிப்போச்சு பெரியவரே. உள்ள தட்டு சுத்திச் சுத்தித்தான் தேடும். இந்தப் புதுசுல சுத்தறதுக்கே ஒண்ணும் கெடையாது" என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். தீப்பெட்டியைத் தட்டையாக்கி அகலப்படுத்தினாற்போல் இருந்தது. எஸ்எஸ்டியாம்.

"உள்ள இருக்கற பேரு போயிடுமாங்க?"

"அப்படியே வரும். ஒரு எழுத்துகூட மாறாது."

நிம்மதியாக இருந்தது.

மார்ச் 13
புதுப் பெட்டியை மாட்டியாயிற்று. "பாத்தீங்களா மாமா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள!" என்றாள் மருமகள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. நானும் கைதட்டினேன்.

பெயர் வந்தது. முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் போய்விட்டது.

மார்ச் 15
அவள் கடைக்குப் போயிருந்தபோது கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் எழுத்தைத் தாண்ட முடியவில்லை. ஏன்டா இப்படி ஓடற? கொஞ்சம் நில்லேன்டா.

மார்ச் 17
ரிப்பேர் கடைக்கு நடந்தே போனேன். "கொஞ்சம் மெதுவாக்கித் தர முடியுமா?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. "ஒலகத்துலயே இப்படிக் கேட்ட மொத ஆளு நீங்கதான் பெரியவரே!" நானும் கூடச் சிரித்துவைத்தேன். காரணத்தைச் சொல்லவில்லை.

மார்ச் 18
ரிப்பேர்காரர் வேடிக்கையாக நினைத்து மருமகளிடம் போனில் சொல்லிவிட்டார். அவள் வந்து கேட்டாள். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

என் எதிரே உட்கார்ந்தாள். "ஸ்விட்சப் போட்டதும் நான் எதுக்கு அடுப்படிக்கு ஓடுவேன்னு நெனச்சீங்க மாமா?"

"டீ போட."

"அந்தப் பேரு அங்கயே நிக்கும். என்னால பாக்க முடியல. அது போற வரைக்கும் வெறும் அடுப்பு முன்னாடி நிப்பேன். இப்பத்தான் அஞ்சு நாளா பயமில்லாம வந்து உக்கார்றேன்."

நான் ஒரு மடையன். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஆசையாக உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் அவள் நின்றிருக்கிறாள். எத்தனை காலை.

"பெருசா பிரிண்ட் எடுத்து உங்க ரூம்ல ஒட்டித் தரட்டுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வேணாம்மா. நீ போய் வேலையப் பாரு."

மார்ச் 21
பிளானை நேரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டாள். இன்ஜினியர் இன்னொரு வீடும் கொடுத்திருக்கிறார். இன்று காலை அவள் ஸ்விட்சைப் போட்டபோது நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

பிறகு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் பெயரை எழுதினேன். இதுவரை படித்ததுதான், எழுதியதில்லை. மூன்றாம் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆனால் ஓடவில்லை. அங்கேயே இருக்கிறது.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் நேராக எழுதுகிறேன்டா.