என் சிரிப்பைக் கண்டு நடுங்கிய கூடாரம்

பங்குனி 5, வியாழன்

காலையில் பனி. மிளகு இன்னும் சரியாகக் காயவில்லை. சனிக்கிழமைச் சந்தைக்குள் காய்ந்தால் தேவலை.

பேரப்பிள்ளைகள் சங்கதி. எழுதி வைத்தால் மனசுக்கு நிறைவு. மூத்த மகன் பிள்ளை பெரியண்ணன், ராசிபுரம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் தேறிவிட்டான், கணக்கில் அவன்தான் முதல். அவன் தங்கை காளியம்மாள் பாட்டுப் பாடி வாத்தியார் கையால் பித்தளைத் தம்ளர் வாங்கினாள். சின்ன மகன் பிள்ளை பேச ஆரம்பித்ததே தாமதம், இப்போது வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் மேலே மகள் பிள்ளை முருகேசன். சேலத்தில் பேசும் படம் எடுக்கிற கம்பெனியில் கேமராப் பெட்டி பிடிக்கிறான். இந்த மலையிலிருந்து அந்த வேலைக்குப் போனவன் வேறு யார்? பாட்டி அஞ்சாவதோடு நின்றவள். பேரன் எங்கே நிற்கிறான் பார்.

அவன் எடுத்த படம் மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் கூடாரக் கொட்டகைக்கு வந்திருக்கிறது. போன வருஷம் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்து எடுத்தார்களே, அதுதான். "அம்மாயி, நீயும் ஓர் இடத்தில் வருகிறாய்" என்று எழுதியிருந்தான். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

பக்கத்து வீட்டுச் செல்லாயியும் வருகிறாள். அவள் மருமகள் குப்பாயிக்கு நிறைமாசம். பேறு பார்க்கப் போவது நான்தான். இந்த ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள்.

செ.: "ஏனக்கா, படத்துல வந்தப்புறம் எங்களோடயெல்லாம் பேசுவீங்களா?"

"வெத்தலை மடிச்சுக் குடுத்தாப் பேசறேன்."

எடுத்துப்போக: மிளகு, போர்வை, கொள்ளு உருண்டை. மிளகு மண்டி ராவுத்தர் வீட்டம்மாவுக்குப் பலாச்சுளை. அரக்குச் சேலை மடித்து வைக்க.

பங்குனி 7, சனி. பேளுக்குறிச்சி

கீழே வெயில் என்றால் வெயில். இறங்கியதில் முழங்கால் வலி. மிளகை ராவுத்தர் மண்டியில் போட்டாயிற்று. இன்றைக்குத் தங்கல் அவர் வீட்டில்.

நோட்டீஸ் கொடுத்தார்கள். 'பனிக்காட்டுப் பேச்சி'. கண்டோர் நடுங்கும் படம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வர வேண்டாமாம். ஆனால் கொட்டகை வாசலில் இடுப்பில் பிள்ளையோடுதான் பாதிப் பெண்கள்.

பிள்ளை தூக்கும் பேச்சியாக யார் நடிக்கிறார்கள் என்று போடவில்லை. செ. கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். நான் முறத்தில் புடைத்துக்கொண்டோ தண்ணீர் சுமந்துகொண்டோ வருவேனாக இருக்கும்.

விளக்கு வைத்ததும் ஆட்டம். ரா. வீட்டம்மா வரவில்லை. "எங்கூட்டுல கொட்டகைக்குப் போற வழக்கமில்லீங்க. நீங்க பாத்துட்டு வந்து கதை சொல்லுங்க."

பங்குனி 8, ஞாயிறு

நேற்று ஆட்டம் விட்டு வந்து எழுத முடியவில்லை.

படத்தில் வெகு நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பனி. எங்கள் பனிதான். ஒரு குடிசை. காற்று. முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பீடி குடித்துக் கேலி பேசினார்கள். "ஏப்பா, பேச்சிக்கு வழி தெரியலையா? ஆள் அனுப்பு!" பிறகு கேலி நின்றது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. தூரத்தில் ஒரே ஒரு பறை. பனிக்குள் ஒரு தொட்டில், தானாக ஆடுகிறது. உள்ளே பிள்ளை.

அப்புறம் ஒரு முகம். திரை முழுக்க. கீழிருந்து வெளிச்சம். சிரிக்கிறது.

நான்.

மறுபடி தொட்டில். காலி.

கூடாரமே அலறியது. பெண்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். ஒருத்தி எழுந்து மூன்று தரம் துப்பினாள். யாரோ மணலை வாரித் திரைமேல் வீசினான். என் கண்ணிலும் மணல் விழுந்த மாதிரி. இன்னொரு தரம் நான், இன்னொரு தொட்டில். சிரிப்புச் சத்தத்தை என்னவோ செய்து இழுத்திருக்கிறார்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. ஆனால் என் சிரிப்புதான். முடிவில் ஊரார் கொளுத்துகிறார்கள். என்னையல்ல, ஒரு வைக்கோல் பொம்மையை. கொட்டகை கை தட்டியது.

எனக்கு அதை எடுத்த சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. முருகேசன் என் எதிரில் நெருப்புச் சட்டி வைத்தான். "என்னையே பாரு அம்மாயி" என்றான். பெட்டிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு நாக்கைக் கடித்தபடி நின்றான். சின்னதில் பம்பரத்துக்குக் கயிறு சுற்றும்போது அப்படித்தான் நிற்பான். மீசை முளைத்தும் அந்த நாக்கு போகவில்லையே என்று சிரித்தேன். அவனைப் பார்த்துத்தான் சிரித்தேன். இவர்கள் அவன் நின்ற இடத்தில் தொட்டிலை வைத்துவிட்டார்கள்.

காலையில் தெருவில் பிள்ளைகள் என்னைக் கண்டு சிதறி ஓடின. ஒரு குடிகாரன் காலில் விழுந்து, "ஆத்தா பேச்சி, எங்கூட்டு எருமை சினை நிக்கோணும்!" என்றான். விலகி வந்துவிட்டேன். ரா. வீட்டம்மா மட்டும் காப்பி கொடுத்து, "என்னங்க, மூஞ்சியே செத்துப்போச்சு? படம் நல்லால்லீங்களா?" என்றாள். படம் பார்க்காத ஒருத்திதான் என் முகத்தை நேரே பார்த்தாள்.

மலை ஏறும்போது செ. எனக்கு முன்னால் போகவில்லை. பின்னாலேயே வந்தாள். நான் நின்றால் அவளும் நின்றாள்.

"ஏன் செல்லாயி, நாந்தான்னு தெரியாதா உனக்கு?"

"தெரியுமக்கா. உங்க சிரிப்பை நாப்பது வருசமாப் பாக்கறேன். அதான் பயமா இருக்குது. வேற எவளாச்சும் சிரிச்சிருந்தா நடிப்புன்னு உட்டுருப்பேன்."

பங்குனி 10, செவ்வாய்

பனி. சளி. சாமைக் கஞ்சி. பூனை எலி பிடித்தது.

கிணற்றடியில் செ. படக்கதை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தரமும் என் பல் கொஞ்சம் நீளுகிறதாம். படம் பார்த்தவர்கள் இரண்டே பேர், நடுங்குவது ஊர் முழுக்க.

மதியம் குப்பாயி புருஷன் வந்தான். அவனும் என் கையில் பிறந்தவன். வாசல் தாண்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மாயி, கோவிச்சுக்காதீங்க. வாசலூர்ப்பட்டியிலிருந்து வேறொரு மருத்துவச்சியக் கூட்டியாரச் சொல்லுது எங்கம்மா" என்றான்.

"கூட்டியா சாமி. பிள்ளை நல்லபடியாப் பொறந்தாச் செரி."

சொல்லிவிட்டேன்.

கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். வரவில்லை. பிறகு வந்த சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

பங்குனி 12, வியாழன்

குப்பாயிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

வலி முன்னதாகவே கண்டுவிட்டது. வாசலூர்ப்பட்டிக்காரி வந்து சேரவில்லை. என் வீட்டுக்குக் கேட்கும்படி குப்பாயி உள்ளேயிருந்து கத்தினாள். "படம் பாத்துப் பயந்தது நானா நீங்களா? அம்மாயியக் கூப்புடுங்க அத்தை, இல்லீன்னா நானே எந்திரிச்சுப் போறேன்!"

செ. ஓடி வந்தாள். தலை கலைந்து, மூச்சு வாங்க.

"வாங்கக்கா... ஒண்ணே ஒண்ணு. சிரிக்க மட்டும் வேண்டாம்."

வாயைத் துணியால் கட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பிள்ளையைக் கையில் ஏந்துகிறவள் அதன் முகத்துக்கு நேரே முதலில் சிரிக்க வேண்டும். வந்த இடம் நல்ல இடம் என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். ஒரு பிள்ளைக்கும் நான் தவறவிட்டதில்லை. முருகேசனுக்கும்தான்.

இதை ஏந்தினேன். துடைத்தேன். அழுதது, நின்றது, கண்ணை இடுக்கிப் பார்த்தது. துணிக்குள் என் வாய் என்ன செய்ததென்று எனக்கே தெரியவில்லை.

குப்பாயி கேட்டாள்: "அம்மாயி, எம் பிள்ளைக்குச் சிரிக்கலீங்களா?"

செ. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்புறம் கண்ணு" என்றேன்.

வீட்டுக்கு வந்துதான் துணியை அவிழ்த்தேன்.

பங்குனி 13, வெள்ளி

வெயில், அதிசயமாக. கருப்பட்டி தீர்ந்தது. குப்பாயிக்குப் பூண்டு, சுக்கு கொடுத்தனுப்ப.

முருகேசன் கடிதம் வந்தது. "அம்மாயி, பார்த்தாயா? சேலத்தில் ஜனம் உன் சிரிப்புக்குத்தான் அலறுகிறது. முதலாளி என் முதுகில் தட்டினார்." எழுத்தில் கூடக் குதிக்கிறான். கோபப்பட முடியவில்லை. பெருமைப்படவும் முடியவில்லை.

பதில் எழுத வேண்டியது:

கண்ணு முருகேசா, பார்த்தேன். நானும் நடுங்கினேன். நீ கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்த்தவர்களுக்குத் தொட்டில் தெரிந்தது, நீ தெரியவில்லை. உன் போட்டோ ஒன்று புதிதாக எடுத்துத் தபாலில் போடு. கம்பெனிச் சட்டை, கிராப்பு எல்லாம் வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறது வேண்டும். குப்பாயி வீட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறேன். நான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று செல்லாயி பார்க்கட்டும். அதைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும். பிள்ளைக்கு முகம் பார்க்கத் தெரிவதற்குள் வந்து சேருகிற மாதிரி போடு.