வலப்பக்கம் இழுக்கும் வண்டி

பண்ணை, மோண்டானா

மகளே,

நம் பழைய டீசல் பிக்கப் வண்டி வலப்பக்கமாகவே இழுக்கிறது. ஸ்டீரிங் பெட்டி, முன்சக்கரத்து பால் ஜாயின்ட் எல்லாம் மாற்றியதில் இரண்டு கன்றுகள் விற்ற காசு போயிற்று. அப்படியும் நேற்று மறுபடி வேலியில் போய் மோதியது.

மெக்கானிக் வெர்லினைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினான். ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தும் காட்டினான். வண்டி கோடு போட்ட மாதிரி போயிற்று.

"என்னடா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல, பெரியவரே. அதோ, ரோட்டோரத்து போர்டுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க பாப்போம்."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுடா."

எழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை என்று வைத்துக்கொள்.

இங்கே யாரும் வண்டியிலிருந்து சாவியைக் கழற்றுவதில்லை, உனக்கே தெரியும். நம் சாவியை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். நானே கேட்டாலும் கொடுக்காதே.

உன் அப்பா