பயம் போன தம்பிக்கு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே?

தியான முகாமிலிருந்து திரும்பி, மறுபடி லிஃப்ட் வேலையில் சேர்ந்துவிட்டேன். கூட்டாளி லிஃப்ட் குழியில் விழுந்து செத்ததிலிருந்து எனக்குக் கை நடுங்கியதே, அது அடியோடு நின்றுவிட்டது. பயம் வந்தால் விலகி நின்று வேடிக்கை பாருங்கள் என்றார்கள். பார்த்தேன், போயே போய்விட்டது. நேற்று பதினான்காவது மாடியில், லிஃப்ட்டின் கூரைமேல் நின்று இரும்புக் கயிற்றைச் சரிபார்த்தேன். இறங்கியதும் சூப்பர்வைசர், "பெல்ட்ட மாட்டாமலா இவ்வளவு நேரம் நின்னே?" என்று கத்தினார். மாட்டவில்லைதான். கீழே பார்த்தேன். விழுவதற்கு அங்கே யாருமே இல்லாத மாதிரி இருந்தது. அவ்வளவு அமைதி அக்கா! நீயும் ஒருமுறை போய்வா, மாமா பிழைத்துப்போவார்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 9

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. போனில் கேட்டால் சாமியார் மாதிரி சிரித்து மழுப்புகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வார்டில் சர்க்கரை நோயாளிகள் வருவார்கள். காலில் ஆணி ஏறியிருக்கும், அவர்களுக்குத் தெரியாது. "வலியே இல்ல சிஸ்டர்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்க்கும் எனக்குத்தான் பயம் வரும். உன் அமைதியும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

தியானத்தை விடச் சொல்லவில்லை. ஒரு மனநல ஆலோசகரையும் போய்ப் பார். அதுவரை லிஃப்ட்டின் மேல் ஏறாதே. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். மாட்டேன் என்றால் நேரில் வந்து உதவுவேன்.

உன் அக்கா

மார்ச் 20

தம்பி,

பதிலும் இல்லை, போனும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் ஓடிப்போய் முகத்தைப் பார்க்கிறேன். நீ வேறு ஊரில் இருப்பதுகூட அந்த நேரத்தில் மறந்துபோகிறது. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுதுடா.

அக்கா

மார்ச் 26

அக்கா,

மன்னித்துவிடு. வாயைத் திறந்தாலே அழுகை வருகிறது, அதனால்தான் போனை எடுக்கவில்லை.

ஆலோசகரிடம் போனேன். என் அமைதியைப் பற்றி நீட்டி முழக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கூட்டாளி எப்படிப்பட்டவரு?" என்றார். "குழிக்குள்ள நின்னு கர்ணகடூரமா பாடுவான்" என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. அவன் செத்தபோது வராத அழுகையெல்லாம் அங்கே வந்தது. தியானத்தை நிறுத்த வேண்டாமாம். வருகிற பயத்தை விரட்டாமல், பக்கத்தில் உட்காரவிடச் சொன்னார்.

இன்று காலை தியானத்தில் அப்படித்தான் உட்கார்ந்தேன். பிறகு வேலைக்குப் போய்க் குழியின் கதவைத் திறந்தேன். கீழே பார்த்ததும் கதவின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் சூப்பர்வைசரையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு மேல போக வேணாம், கீழ கதவு வேலைய பாரு" என்றார்.

பயமாக இருக்கிறது அக்கா. ரொம்பப் பயமாக இருக்கிறது. எனக்குச் சாக இஷ்டமே இல்லை.

தம்பி