விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

ஐப்பசி 5, செவ்.

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. மிளகுக் கொடி கட்ட வந்த ஆள் பாதியில் கிளம்பிவிட்டார்.

ஒரு பழைய கேள்வி நாள் முழுக்கக் கூடவே. "டீச்சர், இம்மாம் பெரிய கோயில எத வெச்சுங்க ஒட்டுனாங்க?" தஞ்சாவூர் சுற்றுலாவில் விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி செல்வி கேட்டது. அப்போது ஏழாம் வகுப்பு. ஒட்டவில்லை கண்ணு, கல்மேல் கல் அடுக்கியது, அதன் கனமே அதைப் பிடித்து நிறுத்துகிறது என்றேன். "அப்ப ஆட்டுனா உழுந்துருமுங்களா?" அதற்குள் பஸ் ஹாரன். பதில் சொல்லாமலே ஏறிவிட்டேன்.

அதே செல்விதான் இப்போது மகளிர் குழுவின் சாமை குத்தும் மில்லை ஓட்டுகிறாள். இன்று மில் வாசலில் நின்று சுவரைக் காட்டினாள். "இது உழுந்துருமுங்களா டீச்சர்?"

கிழக்கு மூலை. ஜன்னலுக்கு மேலிருந்து படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல். மேலே ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிறது. கீழே தாள்கூட நுழையாது.

டீக்கடையில் ஊர்க்கவுண்டர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "மெசினு ஆட்டி ஆட்டிச் செவுரு பொளந்து போச்சு. இடிச்சுப் போட்டா நாலு காரு நிறுத்தலாம்." மில்லுக்கு மேலே சரிவில் அவர் கட்டிய மூன்று காட்டேஜ். வருகிற கார்களுக்கு இடமில்லை. மில்லை ஒட்டிய குழு இடத்தில் இப்போதே முளையடித்து வைத்திருக்கிறார். மில்லை இடிக்கச் சொல்லி யூனியன் ஆபீசுக்கு மனு கொடுத்தது அவர்தான். அடுத்த புதன் இன்ஜினியர் வருகிறாராம். ஆகாது என்று எழுதிவிட்டால் மில் மூடல்.

மூடினால்: அறுத்த சாமையை மூட்டை கட்டி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்திலுள்ள காரவள்ளி மில்லுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் பழையபடி உரலும் உலக்கையும். தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்தபடி வகுப்பு வாசலில் காத்திருந்த தாய்மாரை எனக்குத் தெரியும்.

இடிக்க விடமாட்டேன். இதைக் கவுண்டரிடமும் சொல்லியாயிற்று.

ஐப்பசி 6, புத.

மூடுபனி. பால் திரிந்தது.

விரிசல் விட்டாலே சாவு என்று யார் சொன்னது? நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

ரோமில் பாந்தியன், பழைய கோயில். குவிமாடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கி விரிசல்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது.

அதே ஊரில் பேதுரு பேராலயம். குவிமாடம் பிளந்தது. விரிசல் விட்ட ஊறுகாய்ச் சாடிக்குக் கம்பி கட்டுவதுபோல இரும்பு வளையங்கள் பூட்டினார்கள்.

ஹாகியா சோபியா, பழைய தேவாலயம். பூகம்பத்தில் குவிமாடம் விழுந்தது. திரும்பக் கட்டினார்கள், இன்னும் உயரமாக!

பைசா. சாய்ந்த கோபுரம். இது வேறு விஷயம். கோபுரத்தில் குற்றமே இல்லை. ஒரு பக்கத்து மண் இளக்கம். இவ்வளவு காலம் கழித்து என்ன செய்தார்கள்? கோபுரத்தைத் தள்ளவில்லை. உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். அதுவே கொஞ்சம் நிமிர்ந்தது.

இவற்றில் ஒன்றையும் நான் நேரில் பார்த்ததில்லை. தஞ்சாவூர் மட்டும்தான்.

ஆனால் பிடிவாதத்துக்காகப் பெண்களைச் சுவரடியில் நிறுத்த முடியாது. விரிசலில் உயிர் இருக்கிறதா, பழைய தழும்பா? அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

செம்மேடு கடைவீதிக்குப் போனேன். பணி ஓய்வு அன்று கொடுத்த வாழ்த்து மடலின் கண்ணாடியைக் கழற்றி, படச்சட்டக் கடையில் நீளநீளமாக அறுத்து வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், வளைவுக்கு வளைவு பயந்துகொண்டு.

மறக்காமல்: கொசுவர்த்தி, சிமென்ட் ஒரு கிலோ.

ஐப்பசி 7, வியா.

வெயில்! அவசரமாக மிளகு காயப்போட்டேன்.

விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடி. மேலே, நடுவில், கீழே. இரண்டு முனையிலும் சிமென்ட். பக்கத்தில் சாக்பீஸால் தேதி.

"வாழ்த்து மடலோடதுங்களா? ஐயோ டீச்சர்!" என்றாள் செல்வி.

"மடல் பத்திரமா இருக்கு. கண்ணாடிதான் இங்க வேணும். இது நீளாது, வளையாது. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைஞ்சு காட்டிக்கொடுத்துரும்."

மூலையைச் சுற்றிக் கயிறு கட்டி, மூட்டைகளை எதிர்ப்பக்கம் மாற்றினோம். கயிற்றுக்குள் யாரும் போகக் கூடாது, நான் உட்பட.

கவுண்டர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா செவுத்துக்குப் பிளாஸ்திரி போட்டிருக்காங்கடோய்!"

"பிளாஸ்திரி இல்லீங்க கவுண்டரே. தெர்மாமீட்டர்."

"காச்சல் கண்டா?"

"வைத்தியம் பார்ப்போம். கொள்ளி வைக்கமாட்டோம்."

எதிர் டீக்கடை முழுக்கச் சிரிப்பு. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

ஐப்பசி 8, வெள்.

சிமென்ட் இறுகிவிட்டது. காலை முதல் மாலைவரை மெசின் ஓடியது. கயிற்றுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காதில் இன்னும் அந்த இரைச்சல். தலைமுடியெல்லாம் உமி.

மூன்று கண்ணாடியும் முழுசு.

ஐப்பசி 10, ஞா.

நேற்று விடியலில் பிடித்த மழை. கரண்ட் போனது இன்னும் வரவில்லை. மில் இரண்டு நாளாக மூடியே.

காலையில் செல்வி குடையில்லாமல் ஓடி வந்தாள். மேல் கண்ணாடி உடைந்துவிட்டது. சரியாக நடுவில்.

போய்ப் பார்த்தேன். இத்தனை வீறாப்புக்கும் பதில். விரிசலில் உயிர் இருக்கிறது. சுவர் நகர்கிறது.

கவுண்டருக்குச் செய்தி எப்படித்தான் போகுமோ, வந்து நின்றார். "நாந்தான் சொன்னேனே, மெசினு ஆட்டம் தாங்காதுன்னு."

செல்விதான் திரும்பினாள். "எந்த மெசினுங்க? கரண்டே இல்லீங்களே. வெள்ளிக்கெழம பூரா ஓடுனப்ப உடையாதது, சும்மா கெடக்கறப்ப எப்படியுங்க உடையும்?"

எனக்குச் சட்டென்று பைசா கோபுரம். மேலே பார்த்தது போதும். கீழே பார்.

விரிசல் மேலே அகலம், கீழே ஒடுக்கம். மூலை கீழே இறங்கினால் அப்படித்தான் திறக்கும். முதல் நாளே நாணயம் நுழைத்துப் பார்த்தேன், யோசிக்கத்தான் இல்லை.

மழையோடு வெளிப்பக்கம் சுற்றிப் போனோம். காட்டேஜ் கூரைத் தண்ணீரெல்லாம் ஒரு பிளாஸ்டிக் குழாயில் சேர்ந்து, காப்பிச் செடிகளுக்குள் மறைந்து வந்து, கவுண்டரின் வேலி ஓரத்தில் வாய் திறக்கிறது. அங்கிருந்து நேராக எங்கள் மூலைக்கு. அடிக்கல்லின் கீழே மண் இல்லை. எட்ட நின்று நீளக் கம்பை விட்டேன். முழங்கை அளவு உள்ளே போயிற்று.

பாலைவனத்தில் புர்ஜ் கலீஃபாவை நிறுத்தியவர்கள் முதலில் மண்ணுக்குள்தான் போனார்கள். ஆழம்வரை தூண்கள் இறக்கி, மண்ணையே இறுகப் பிடிக்க வைத்தார்கள். எவ்வளவு உயரமானாலும் பேச்சு மண்ணோடுதான்.

ஐப்பசி 11, திங்.

மழை விட்டு விட்டு. தொண்டை கரகர. துளசி கஷாயம்.

கவுண்டர் வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்தார். குழாயை மட்டும் திருப்பமாட்டாராம்.

"மழ எங்க பேஞ்சாலும் கீழதானுங்க டீச்சரம்மா போவும்."

"போகட்டும். எங்க அஸ்திவாரத்து வழியா வேண்டாம்."

"எம் பைப்பு எந்நெலத்துல இருக்குது. தொட்டீங்கன்னா நல்லாருக்காது, சொல்லிப்போட்டேன்."

"தொடமாட்டோமுங்க" என்றாள் செல்வி. காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். "தண்ணி எங்க நெலத்துக்கு வந்த பொறவு எங்களுதுதானுங்களே?"

மதியத்திலிருந்து குழுப் பெண்கள் எல்லாருக்கும் மண்வெட்டி. வேலியை ஒட்டி, எங்கள் பக்கத்தில், குறுக்குக் கால்வாய். அவர் கார் நிறுத்த முளையடித்து வைத்திருந்தாரே, மகளிர் குழு இடம், அதன் நட்டநடுவில். தண்ணீர் திரும்பி மரவள்ளிக் காட்டோரமாக ஓடைக்குப் போகிறது. எனக்கு மண்வெட்டி தரவில்லை. குடை பிடித்துக்கொண்டு நின்றேன், யாருக்கும் உபயோகமில்லாமல்.

"டீச்சர், சித்த அக்கட்டால நில்லுங்க. உங்களையும் சேத்து வெட்டிப்போடுவோம்" என்றாள் செல்வி.

ஐப்பசி 13, புத.

தூறல். இன்ஜினியர் வந்தார். சின்ன வயசுப் பெண். அடிவாரத்து ஊராம். வளைவுகளில் தலைசுற்றி, முதலில் எலுமிச்சம்பழம் கேட்டார்.

உடைந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "இது யாருங்க ஒட்டுனது?" அடிக்கல், கால்வாய், மூலை, எல்லாம் பார்த்தார். எழுதினார்.

கவுண்டர்தான் பொறுக்காமல், "இடிச்சுப் போடலாமுங்களா?"

"விரிசல் உட்டதையெல்லாம் இடிச்சா நான் எந்த ஆபீஸ்லயுங்க உக்காருவேன்?"

அவர் சொன்னது: மூலைக்கு மரமுட்டு உடனே. கொத்தனாரை வைத்து அடிக்கல்லின் கீழே பகுதி பகுதியாகக் கட்ட வேண்டும், ஒரேயடியாகத் தோண்டக் கூடாது. அதுவரை மில் ஓடக் கூடாது. பிறகு புதுக் கண்ணாடி. ஒரு மாதம் உடையாமல் இருந்தால் நிரந்தரச் சான்று. உடைந்தால் மூடல்.

"உடைஞ்சா நானே எழுதிருவேனுங்க டீச்சர்" என்றார். எழுதட்டும். அதுதான் நியாயம்.

ஐப்பசி 24, ஞா.

வானம் வெளுப்பு. மூலை கட்டி முடிந்தது, சிமென்ட்டும் இறுகிற்று. நேற்று புதிதாக மூன்று கண்ணாடி, புதுத் தேதி. இன்று காலை மெசின் ஓடியது. முதல் மூட்டை செல்வியுடையது. எனக்கு ஒரு படி சாமை. உப்புமா.

ஐப்பசி 27, புத.

இரவெல்லாம் மழை. விடிந்ததும் போனேன். எனக்கு முன்னே கவுண்டர், ஜன்னல் வழியாக டார்ச் அடித்துக்கொண்டு.

"ஒடையலீங்க" என்றார். குரலில் வருத்தம்.

"நாளைக்கும் வந்து பாருங்க கவுண்டரே."

வரட்டும். தினமும் வரட்டும். கால்வாயைத் தாண்டித்தான் வர வேண்டும்.

கண்ணாடியில் ஒரு துண்டு மீதி. அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி: உங்கள் வீட்டுச் சுவர் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்ட்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி, அடுத்த பெருமழை விட்டதும் போய்ப் பாருங்கள்.