மொட்டைமாடிச் சாவி

டீச்சர்,

இன்று மதியம் வாலிநோக்கம் கட்டடத்தின் மொட்டைமாடிப் பூட்டைத் திறந்தபோது, துருவும் உப்பும் கலந்த வாடை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. சாவியில் நீங்கள் கட்டிய சிவப்பு ரிப்பன் வெளுத்துவிட்டது. கதவைப் பிடித்தபடி, பழைய வழக்கத்தில் உங்களுக்கு வழிவிட்டு நின்றேன். பின்னால் யாரும் இல்லை.

அந்த அரசுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, உப்பளத்துக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காகக் காப்பகம் நடத்தினீர்கள். கட்டடத்தின் பொறுப்புப் பொறியாளன் நான். சுவரும் கூரையும் அரசின் செலவு. மின்சாரம், தண்ணீர் மோட்டார், துப்புரவு ஆகியவை உங்கள் செலவு. இதுவே ஒப்பந்தம். மாடி வாடகையில் சேராது என்பதால் அதன் சாவி இராமநாதபுரத்தில் எங்கள் அலுவலகத்தில் தொங்கியது.

காற்று இந்தப் பிரிவினையை மதிக்கவில்லை. சீமைக்கருவேல இலைகளைக் கொண்டுவந்து மாடியின் வடிகுழாயை அடைத்தது. ஐப்பசி மழை மேலே தேங்கி, கம்பி துருப்பிடித்து, பிள்ளைகள் உறங்கும் அறையின் கூரைப்பூச்சு ஒருநாள் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாக அப்போது அவர்கள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வுக்கு வந்த நான், கூரையை நாங்கள் பழுதுபார்ப்போம் என்றேன். மீண்டும் நீர் கசிந்தால் கட்டடத்தைக் காலிசெய்யச் சொல்ல நேரிடும் என்றும் எச்சரித்தேன். ஊரில் உங்களுக்கு வேறு இடம் கிடையாது. பிள்ளைகள் மறுபடி உப்புப் பாத்தி வரப்பில், வெயிலில்தான் கிடக்க வேண்டும். குப்பையை அகற்றுவது வாடகைதாரரின் கடமை என்று நான் படித்துக்காட்டியதும் உங்களுக்குக் கோபம் வந்தது.

“இலை என்னுது, மாடி உங்களுது. அப்ப நான் காத்துல நின்னா சார் கூட்டணும்?”

ஒப்பந்தத்தில் அதற்கு விடை இல்லை. எனவே புதிய பிரிவு ஒன்றை எழுதி ஒப்புதல் பெற்றேன்: மாதம் ஒருமுறை உரிமையாளர் தரப்பு மாடியைத் திறக்கும், வாடகைதாரர் கூட்டுவார். உதவியாளரை அனுப்பியிருக்கலாம். நானே வந்தேன்.

முதல் நாளே அதட்டினீர்கள். “ஷூவக் கழட்டுங்க சார். கீழ பிள்ளைக உறங்குது.”

தளம் கொதித்தது. நான் கால்மாற்றிக் கால்மாற்றித் துள்ளினேன். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அரசாங்கமே ஆடுதே!” என்றீர்கள்.

கூட்டி முடித்தும் குழாய் தெளியவில்லை. நான் மண்டியிட்டு உள்ளே கைவிட்டேன்.

“இது எங்க வேலைதான சார்? நீங்க செய்யுறீக?”

“தரையில கிடந்தா உங்க பங்கு. குழாய்க்குள்ள போயிட்டா அது கட்டமைப்பு, எங்க பங்கு.”

“அப்படியா? அடுத்த மாசம் எல்லாத்தையும் உள்ள தள்ளிவிட்டுர்றேன்.”

கூரை செப்பனிடப்பட்டது. அடுத்த மழையில் நீங்கள் என்னை அறைக்குள் அழைத்துப்போய் அண்ணாந்து பார்க்க வைத்தீர்கள். ஒரு சொட்டு ஈரமில்லை. நம் காலடியில் பிள்ளைகள் வரிசையாக உறங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றீர்கள். துப்புரவு உங்கள் பொறுப்பு என்று நான் நினைவூட்டினேன்.

நோயுற்ற பிறகு உங்களால் மாடியேற முடியவில்லை. உங்கள் பங்கை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்வீர்கள். பிள்ளைகள் விழிக்காதபடி அடங்கிய குரலில், “தெளிஞ்சிருச்சா சார்?” என்று கேட்பீர்கள். நான் எட்டிப்பார்த்துத் தலையசைப்பேன்.

இன்று, உங்கள் மறைவுக்குப் பின் வந்திருக்கும் காப்பகத்தின் புதிய பொறுப்பாளர் துடைப்பத்தோடு வந்து, “எது எங்க பங்கு சார்?” என்று கேட்டார். பிரிவின்படி சொன்னேன். அவர் கூட்டினார், குழாயை நான் பார்த்துக்கொண்டேன். முடிந்ததும் பழக்கத்தில் படிக்கட்டை எட்டிப்பார்த்துத் தலையசைத்துவிட்டேன்.

மாவட்டத்தில் இன்னும் பல அரசுக் கட்டடங்களின் மாடிகளுக்கு ஏறுகிறேன். கீழே இருப்பது பெரும்பாலும் கோப்புகள் அடுக்கிய அறையாகவே இருக்கும். ஆனாலும் மாடிக் கதவருகே ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறேன். உடன் வருபவர்கள் காரணம் கேட்கிறார்கள். எடுத்துக்காட்ட என்னிடம் விதி எதுவும் இல்லை, டீச்சர்.